சிறு துறைக் கணித இதழின் ஆய்வுத் தாக்கத்தைக் கணிப்பது எப்படி? ராமானுஜன் ஜர்னலை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் என் மாணவி ஒருத்தி உதவிப் பேராசிரியர் வேலைக்கான நேர்காணலுக்குப் போனாள். எண் கோட்பாட்டில் முனைவர் பட்டம், நல்ல இதழ்களில் இரண்டு கட்டுரைகள். குழுவில் இருந்த வேறொரு துறைப் பேராசிரியர் அவள் பட்டியலைப் பார்த்துவிட்டு, "எல்லாமே இம்பேக்ட் ஃபேக்டர் ஒன்றுக்குக் கீழே இருக்கேம்மா?" என்று கேட்டாராம். ஒரு இதழின் சமீபத்திய கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்று சொல்லும் எண்தான் இம்பேக்ட் ஃபேக்டர். அவளுக்குப் பதில் தெரியும். ஆனால் கணிதம் படிக்காத ஒருவருக்கு இரண்டு நிமிடத்தில் புரியவைக்கும்படி அந்தப் பதில் அவள் கையில் தயாராக இல்லை. அடுத்த நேர்காணலுக்கு முன் நாங்கள் இருவரும் உட்கார்ந்து ஒரு பக்கக் குறிப்பு ஒன்றைத் தயாரித்தோம். அதைத் தயாரித்த விதத்தைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். நூலகத்துக்கு இதழ் வாங்க முடிவெடுப்பவர்கள், எங்கே கட்டுரை அனுப்பலாம் என்று யோசிக்கும் ஆய்வு மாணவர்கள், பதவி உயர்வுக் கோப்பு தயாரிக்கும் ஆசிரியர்கள் எல்லோருக்கும் இதே வழிதான்.

எடுத்துக்காட்டாக, ராமானுஜன் தொட்ட கணிதத் துறைகளுக்கான ராமானுஜன் ஜர்னலை எடுத்துக்கொள்கிறேன். எனக்கு நெருக்கமான துறை என்பது ஒரு காரணம். இதன் இம்பேக்ட் ஃபேக்டர் பல ஆண்டுகளாக ஒன்றைத் தொடாமலேயே இருக்கிறது, ஆனால் இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் யாரும் இதைப் புரட்டாமல் இருப்பதில்லை. இந்த இடைவெளி எதனால் வருகிறது என்று புரிந்துவிட்டால் வேறு எந்தக் கணித இதழையும் நீங்களே எடைபோட்டுவிடலாம்.

படி 1: இது எந்த இதழ் என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

பத்து நிமிட வேலை, ஆனால் தவிர்க்கக் கூடாது. பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஏறத்தாழ ஒரே பெயரில் பல இதழ்கள் இருக்கும். உண்மையான இதழின் பெயரையும் முகப்பையும் நகலெடுத்துப் பணம் பறிக்கும் போலித் தளங்களும் இருக்கின்றன. ஒவ்வொரு இதழுக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னைக் குறித்துக்கொள்ளுங்கள். ராமானுஜன் ஜர்னலின் அச்சுப் பதிப்புக்கு 1382-4090. அப்புறம் ஆசிரியர் குழுவில் இருப்பதாகச் சொல்லப்படும் இரண்டு மூன்று பேரின் சொந்தப் பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போய், அவர்களும் அதைக் குறிப்பிடுகிறார்களா என்று பாருங்கள்.

தொடக்க ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த இதழ் 1997ல் வந்தது. முதலில் க்ளூவர் வெளியிட்டது, இப்போது ஸ்பிரிங்கர் வெளியிடுகிறது. தொடங்கியவர் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் கிருஷ்ணசாமி அல்லாடி. தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்தை 1962ல் தொடங்கிய அல்லாடி ராமகிருஷ்ணனின் மகன். கிருஷ்ணசாமி சென்னையில் கல்லூரி மாணவராக இருந்தபோது எழுதிய எண் கோட்பாட்டுக் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, 1975ல் புகழ்பெற்ற ஹங்கேரியக் கணிதவியலாளர் பால் எர்டிஷ் தன் பயணத்தையே மாற்றிக்கொண்டு சென்னைக்கு வந்து அவரைச் சந்தித்தார். எர்டிஷ் மறைந்த பிறகு அவர் நினைவாக 1998ல் இந்த இதழ் ஒரு சிறப்பு வெளியீடே கொண்டுவந்தது. ஒரு இதழ் யாருடைய உலகத்திலிருந்து பிறந்தது என்பது அதன் தாக்கம் எந்தத் திசையில் போகும் என்பதையும் ஓரளவு சொல்லிவிடும்.

படி 2: அதன் எல்லையை வரையுங்கள்

கணிதத்துக்கென்று எம்எஸ்சி (மேத்தமேடிக்ஸ் சப்ஜெக்ட் கிளாசிஃபிகேஷன், பட்டம் அல்ல) என்ற வகைப்பாட்டு முறை உண்டு. 2020 பதிப்பில் மேல்மட்டத்தில் 63 பிரிவுகள். 11 என்றால் எண் கோட்பாடு, 33 என்றால் சிறப்புச் சார்புகள், 05 என்றால் காம்பினேட்டரிக்ஸ். அதற்குள் இன்னும் நுணுக்கமாகப் போகலாம்: ஒரு எண்ணைச் சிறு எண்களின் கூடுதலாக எத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்று சொல்லும் பார்ட்டிஷன் எண்கள் 5ஆல், 7ஆல், 11ஆல் மீதியின்றி வகுபடும் ஒழுங்குகளுக்கென்றே 11பி83 என்று தனிக் குறியீடு இருக்கிறது. ராமானுஜன் 1919ல் வெளியிட்ட சில பக்கக் கட்டுரையிலிருந்து கிளம்பியது அந்த முழுக் கிளையும்.

ராமானுஜன் ஜர்னலில் வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை இந்த மூன்று பிரிவுகளிலும் அவற்றின் ஓரங்களிலும் விழும். க்யூ-தொடர்கள், தீட்டா சார்புகள், மாடுலர் வடிவங்கள், தொடர் பின்னங்கள், பார்ட்டிஷன்கள்: ராமானுஜன் கை வைத்த இடமெல்லாம் இதழின் எல்லை.

இந்த எல்லையை வரைந்த பிறகுதான் எந்த இதழோடு ஒப்பிட வேண்டும் என்பது தெரியும். வார்சாவிலிருந்து 1935 முதல் வரும் ஆக்டா அரித்மெட்டிகா, 1969ல் தொடங்கிய ஜர்னல் ஆஃப் நம்பர் தியரி, 2005ல் தொடங்கிய இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் நம்பர் தியரி ஆகியவை இதன் அக்கம்பக்கத்து வீடுகள். எண் கோட்பாட்டு இதழை வகைக்கெழுச் சமன்பாட்டு இதழோடு ஒப்பிடுவதே சரியில்லை. வேதியியல் இதழோடு ஒப்பிடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். கணிதத்தின் உச்சியில் இருக்கும் ஆனல்ஸ் ஆஃப் மேத்தமேடிக்ஸின் இம்பேக்ட் ஃபேக்டரே ஒற்றை இலக்கம்தான் என்பதை நேர்காணலில் ஒருமுறை சொல்லிவிட்டால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

படி 3: இம்பேக்ட் ஃபேக்டரை நீங்களே ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்

இந்த எண்ணைக் குறை சொல்வதற்கு முன் அது எப்படி வருகிறது என்று கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு இதழ் 2022ல் 110 கட்டுரைகள், 2023ல் 140 கட்டுரைகள் வெளியிட்டது, மொத்தம் 250. இந்த 250 கட்டுரைகளையும் 2024ல் வெளிவந்த மற்ற கட்டுரைகள் 175 முறை மேற்கோள் காட்டின. 175ஐ 250ஆல் வகுத்தால் 0.7. அதுதான் 2024க்கான இம்பேக்ட் ஃபேக்டர். கிளாரிவேட் நிறுவனம் இதை ஒவ்வொரு ஆண்டும் ஜூன் வாக்கில் வெளியிடுகிறது.

இப்போது ஒரு கணிதக் கட்டுரையின் வாழ்க்கையை இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் வையுங்கள். 2023 மார்ச்சில் ஒரு கட்டுரை வெளிவருகிறது. அதைப் படித்த ஒருவருக்கு ஒரு யோசனை வருகிறது. நிரூபணம் கைகூட ஒரு வருடம். 2024 நடுவில் எழுதி ஆர்க்கைவ் என்ற இணைய முன்வரைவுத் தளத்தில் போடுகிறார், இதழுக்கும் அனுப்புகிறார். நடுவர் ஒவ்வொரு வரியையும் சரிபார்க்க எட்டு மாதம், பத்து மாதம் ஆகும்; கணிதத்தில் அது தாமதமே இல்லை. திருத்தங்கள் முடிந்து ஏற்கப்படுவது 2025 கடைசியில், வெளிவருவது 2026ல். வெளிவந்ததற்கு அடுத்த இரண்டு ஆண்டுகளின் மேற்கோள்கள் மட்டுமே எண்ணப்படுவதால், அந்த 2023 கட்டுரைக்கான ஜன்னல் 2025ஓடு மூடிவிட்டது. ஒருவர் உடனே படித்து, உடனே அதன்மேல் வேலை செய்து, உடனே எழுதியும் அந்த மேற்கோள் கணக்கில் வரவில்லை.

இது ஏதோ ஒரு கட்டுரையின் துரதிர்ஷ்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அனைத்துலகக் கணித ஒன்றியமும் இன்னும் இரண்டு அமைப்புகளும் சேர்ந்து 2008ல் மேற்கோள் புள்ளிவிவரங்களைப் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டன. கணித இதழ்களில் வந்த 30 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களை எடுத்துப் பார்த்ததில் ஏறத்தாழ 90 சதவீதம் இந்த இரண்டு ஆண்டு ஜன்னலுக்கு வெளியே விழுந்தன. பத்தில் ஒன்பதைக் கழித்துவிட்டு மிச்சத்தை எண்ணித் தருகிற கணக்கு இது.

அதே அறிக்கையில் இன்னொரு கணக்கு உண்டு, நான் எல்லோரிடமும் சொல்லிக் காட்டுவது. அமெரிக்கக் கணிதச் சங்கம் ப்ரொசீடிங்ஸ், டிரான்ஸாக்‌ஷன்ஸ் என்று இரண்டு இதழ்கள் நடத்துகிறது. டிரான்ஸாக்‌ஷன்ஸின் இம்பேக்ட் ஃபேக்டர் அப்போது ப்ரொசீடிங்ஸைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. சரி, இரண்டிலிருந்தும் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கட்டுரை எடுங்கள். ப்ரொசீடிங்ஸ் கட்டுரைக்குக் குறைந்தபட்சம் மற்றதற்கு இணையான மேற்கோளாவது இருப்பதற்கு வாய்ப்பு எவ்வளவு? 62 சதவீதம். இதழின் சராசரியை வைத்துத் தனிக் கட்டுரையை எடைபோட்டால் பாதிக்கு மேல் தவறிப்போகும்.

இன்னொன்று. 2023ல் வெளியான பட்டியலிலிருந்து கிளாரிவேட் இந்த எண்ணைத் தசமத்துக்குப் பிறகு ஓரிலக்கத்தோடு நிறுத்திவிட்டது. எண் பத்து, இருபது என்று இருக்கிற துறைகளில் இது பெரிதாகத் தெரியாது. கணிதத்தில் ஏராளமான இதழ்கள் 0.5க்கும் 1க்கும் இடையில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. இப்போது அவை கொத்துக் கொத்தாக ஒரே எண்ணில் நிற்கும். அதனால் 0.6 இதழ், 0.7 இதழ் என்று வித்தியாசம் பாராட்டுவதில் பொருளே இல்லை.

குறிப்பில் இந்த எண்ணை எழுதுங்கள், மறைக்க வேண்டாம். பக்கத்திலேயே அதே பிரிவின் மூன்று நான்கு இதழ்களின் எண்ணையும் எழுதுங்கள்.

படி 4: மற்ற எண்களில் எது உதவும்

சைட்ஸ்கோர் நான்கு ஆண்டு ஜன்னல், எஸ்ஜேஆர் மூன்று ஆண்டு. இரண்டுமே ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்திலிருந்து வருபவை. ஸ்நிப் என்பது துறைக்குத் துறை மேற்கோள் வழக்கம் வேறுபடுவதைச் சரிக்கட்டப் பார்க்கிறது. வெளித்துறைக்காரர்களிடம் பேசும்போது இது கொஞ்சம் கைகொடுக்கும். அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் மேத்சைநெட் தரவுத்தளம் தருகிற எம்சிக்யூ என்ற எண் ஐந்து ஆண்டு ஜன்னலில், கணிதத் தரவை மட்டும் வைத்துப் போடுவது. சந்தா உள்ள நிறுவனத்தில் இருந்தால் இதைக் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த எண் மேற்கோள் அரை ஆயுள். இந்த ஆண்டு அந்த இதழுக்குக் கிடைத்த மேற்கோள்களில் பாதி எத்தனை வயதுக்கு மேற்பட்ட கட்டுரைகளுக்குப் போயின என்று சொல்வது. கணித இதழ்களில் இது பத்து ஆண்டைத் தாண்டுவது சாதாரணம். இம்பேக்ட் ஃபேக்டர் வெளிவரும் அதே கிளாரிவேட் பக்கத்தில்தான் இதுவும் இருக்கிறது, ஆனால் யாரும் கண்ணெடுத்துப் பார்ப்பதில்லை. இரண்டையும் சேர்த்து எழுதினால் "எண் குறைவு, ஆயுள் நீளம்" என்பது கேட்பவருக்குத் தானாகப் புரியும்.

படி 5: இசட்பிமேத் ஓப்பனில் உட்காருங்கள்

இங்கேதான் உண்மையான வேலை. இசட்பிமேத் 1931ல் ஜெர்மனியில் தொடங்கிய கணித மதிப்புரைத் தொகுப்பின் வாரிசு. அதற்கு முந்தைய ஜெர்மன் ஆண்டுத் தொகுப்பையும் சேர்த்துக்கொண்டதால் 1868 வரை பின்னால் போகலாம். 2021லிருந்து எல்லோருக்கும் இலவசம். சந்தா இல்லாத கல்லூரியில் வேலை செய்யும் நம்மைப் போன்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்று முன்பு இதற்காக வேறு ஊர் நூலகங்களுக்கு அலைந்தவர்களுக்குத்தான் தெரியும்.

இதழ்களுக்கான தேடலில் பெயரைப் போட்டால் அந்த இதழின் பக்கம் திறக்கும். மொத்தக் கட்டுரைகள், அதிகம் எழுதியவர்கள், எம்எஸ்சி பிரிவுகள் எல்லாம் முதலில் வரும். கீழே இறங்குங்கள். இந்த இதழை யார் மேற்கோள் காட்டுகிறார்கள், எந்த இதழ்களில், எந்தப் பிரிவுகளில், எந்தெந்த ஆண்டுகளில் என்ற பட்டியல்கள் இருக்கும். அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளும் இருக்கும்.

இதில் நான்கு விஷயங்களை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மேற்கோள் காட்டிய இதழ்களில் அந்த இதழே எவ்வளவு இடம் பிடிக்கிறது? ஒரு சிறு துறையின் முக்கிய இதழ் தன்னைத்தானே கொஞ்சம் அதிகம் மேற்கோள் காட்டுவது இயல்பு, ஏனென்றால் அந்தப் பேச்சு நடக்கிற திண்ணையே அதுதான். ஆனால் வெளியிலிருந்து யாரும் வராமல் உள்ளுக்குள்ளேயே சுற்றினால் கவனிக்க வேண்டும். இரண்டாவது, வெளியே யார் வருகிறார்கள்? ஒரு பொது இதழ், இன்னொரு துறை இதழ், இயற்பியல் இதழ் என்று பெயர்களைக் குறியுங்கள். மூன்றாவது, இதழ் வெளியிடும் பிரிவுக்கும் அதை மேற்கோள் காட்டுகிறவர்களின் பிரிவுக்கும் வித்தியாசம் இருக்கிறதா? 11, 33, 05ல் எழுதியதை லீ இயற்கணிதம் என்ற வேறொரு பிரிவுக்காரர்கள் எடுத்துப் பயன்படுத்தினால் அது தனித் தாக்கம். நான்காவது, அதிகம் மேற்கோள் பெற்ற கட்டுரைகளின் வயது.

ஒரு எச்சரிக்கை: பழைய கட்டுரைகளின் மேற்கோள் பட்டியல்கள் எல்லாம் இந்தத் தொகுப்பில் முழுமையாக ஏறியிருக்காது. எண்களைக் குறைந்தபட்ச அளவாக எடுத்துக்கொள்ளுங்கள். கூகுள் ஸ்காலர் காட்டும் எண் பொதுவாகக் கூடுதலாக இருக்கும். அது ஆய்வேடுகளையும் முன்வரைவுகளையும் சேர்த்து எண்ணும். இரண்டையும் கலக்காமல் தனித்தனியாக எழுதுங்கள்.

படி 6: ஒரே ஒரு கட்டுரையைக் கடைசிவரை பின்தொடருங்கள்

இந்தப் படியைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம். ஆனால் கேட்பவர் மனதில் நிற்பது இதுதான்.

நான் எடுத்துக்கொள்வது ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் மில்ன் எழுதிய கட்டுரை. ராமானுஜன் ஜர்னல், ஆறாம் தொகுதி, 2002. ஏழாம் பக்கத்தில் தொடங்கி 149ஆம் பக்கத்தில் முடிகிறது. ஒரே கட்டுரை, 143 பக்கம்.

விஷயம் பள்ளிக்கூடத்துப் பையனுக்கும் சொல்லலாம். 5 என்ற எண்ணை நான்கு முழு எண்களின் வர்க்கங்களின் கூடுதலாக எத்தனை விதமாக எழுதலாம்? 4, 1, 0, 0 என்ற வர்க்கங்களைத்தான் பயன்படுத்த முடியும். அவற்றை நான்கு இடங்களில் 12 விதமாக வைக்கலாம். 2க்கும் 1க்கும் கூட்டல், கழித்தல் குறி மாற்றினால் ஒவ்வொன்றும் நான்காகும். ஆக 48. 19ஆம் நூற்றாண்டுக் கணிதவியலாளர் யாக்கோபி கண்ட சூத்திரம் இதை எண்ணாமலேயே சொல்லிவிடும்: 4ஆல் வகுபடாத வகுத்திகளைக் கூட்டி எட்டால் பெருக்கு. 5க்கு வகுத்திகள் 1, 5, கூடுதல் 6, எட்டால் பெருக்கினால் 48. எட்டு வர்க்கங்களுக்கும் யாக்கோபியிடம் இதேபோல் அழகான சூத்திரம் இருக்கிறது. மில்ன் செய்தது, இந்த 4, 8 இரண்டையும் தொடக்கமாகக் கொண்டு 16, 24 என்று முடிவில்லாமல் நீளும் இரண்டு குடும்பங்களுக்குச் சூத்திரம் கண்டது. விக்டர் காக், மினோரு வாக்கிமோட்டோ இருவரும் 1994ல் லீ இயற்கணிதப் பக்கத்திலிருந்து ஊகித்திருந்த சமன்பாடுகளும் இதில் நிரூபணம் ஆயின.

இப்போது தேதிகளைப் பாருங்கள். முடிவுகளின் சுருக்க அறிவிப்பு 1996ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ப்ரொசீடிங்ஸில் வந்தது. முழு வடிவம் 2000ல் ஆர்க்கைவில் ஏறியது. அதே ஆண்டு டான் சாகியர் என்ற கணிதவியலாளர், காக்-வாக்கிமோட்டோ சமன்பாடுகளுக்கு மாடுலர் வடிவங்கள் வழியே ஒரு குறுகிய நிரூபணம் வெளியிட்டார். மில்னின் கட்டுரை இதழில் வந்தது 2002ல். அதே ஆண்டு தனிப் புத்தகமாகவும் வந்தது. அதாவது ஒரே வேலைக்கு நான்கு முகவரிகள். ஒருவர் 1996 அறிவிப்பை மேற்கோள் காட்டுவார், ஒருவர் ஆர்க்கைவை, ஒருவர் புத்தகத்தை. இதழுக்குக் கிடைப்பது இந்த நான்கில் ஒரு பங்கு. அதிலும் இம்பேக்ட் ஃபேக்டருக்கு 2003, 2004 ஆகிய இரண்டு ஆண்டுகளின் மேற்கோள்கள் மட்டும்தான்.

இன்னொரு கோணம். அந்த 143 பக்கமும் வகுக்கும் எண்ணில் ஒன்றாகத்தான் எண்ணப்படும். அதே பக்கங்களில் பத்துப் பன்னிரண்டு சிறு கட்டுரைகள் போட்டு, அவை ஒன்றையொன்று மேற்கோள் காட்டினால் இதழின் எண் ஏறியிருக்கும். நீளமான, முழுமையான ஒரு வேலைக்கு இடம் கொடுத்த ஆசிரியர் குழுவின் துணிச்சல் எந்தக் கணக்கிலும் வராது. அதனால்தான் குறிப்பில் அதை வார்த்தையில் எழுத வேண்டும்.

நீங்கள் உங்கள் இதழுக்கு இதைச் செய்யும்போது அதிக மேற்கோள் பெற்ற கட்டுரையை எடுக்காமல், உங்களுக்குப் படித்தால் புரியும் கட்டுரையை எடுங்கள். அதன் ஆர்க்கைவ் தேதி, வெளியீட்டுத் தேதி, மேற்கோள் காட்டிய கட்டுரைகள் எல்லாவற்றையும் வரிசைப்படுத்துங்கள். அப்புறம் மேற்கோள் காட்டியவற்றில் ஐந்தைத் திறந்து, எதற்காகக் காட்டினார்கள் என்று படியுங்கள். "மேலும் பார்க்க" என்று எட்டுப் பேரோடு சேர்த்து ஒரு வரியில் காட்டுவது ஒரு வகை. "இந்த நிரூபணத்தின் மூன்றாம் படி அங்கிருந்து வருகிறது" என்பது வேறு வகை. இரண்டாவது வகை மேற்கோள் ஒன்று, முதல் வகை இருபதுக்குச் சமம் என்பது என் கணிப்பு.

காலம் எவ்வளவு நீளக்கூடும் என்பதற்கு ராமானுஜனே சாட்சி. 1920 ஜனவரியில், இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, சென்னையிலிருந்து கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் மாக் தீட்டா சார்புகள் என்ற புதுவகைச் சார்புகளுக்கு 17 எடுத்துக்காட்டுகள் தந்தார். கணிதவியலாளர் வாட்சன் 1936ல் அவற்றைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். 1976ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ராமானுஜனின் தொலைந்த நோட்டைக் கண்டெடுத்தார். அவை உண்மையில் என்ன என்பது 2002ல் சாண்டர் ஸ்வேகர்ஸின் முனைவர் பட்ட ஆய்வேட்டில்தான் தெளிவானது. 82 ஆண்டுகள். 2012ல் அதிஷ் தபோல்கர், சமீர் மூர்த்தி, சாகியர் மூவரும் கருந்துளைகளின் குவாண்டம் நிலைகளை எண்ண அதே கணிதத்தைப் பயன்படுத்தினார்கள்.

படி 7: மேற்கோள் பட்டியலுக்கு வெளியே தேடுங்கள்

கணிதத்தில் தாக்கம் என்பது பல சமயம் கட்டுரைகளில் தெரியாது. நீல் ஸ்லோன் 1964ல் தொடங்கிய முழு எண் தொடர்களின் கலைக்களஞ்சியம், ஓஇஐஎஸ், இப்போது இணையத்தில் இருக்கிறது. 1, 1, 2, 3, 5, 7, 11, 15 என்று தட்டினால் பார்ட்டிஷன் எண்களின் பக்கம் வரும். ஏ000041 என்பது அதன் எண். கீழே இருக்கும் குறிப்புதவிப் பட்டியலில் எந்தெந்த இதழ்கள் வருகின்றன என்று பாருங்கள். உங்கள் துறைக்குரிய பத்துத் தொடர்களை எடுத்து இப்படிப் பார்த்தால் போதும். கணினி அறிவியல் மாணவர்களும் பொழுதுபோக்காகக் கணிதம் செய்பவர்களும் வந்து போகிற இடம் அது.

அமெரிக்காவின் தரநிலை நிறுவனம் 2010ல் வெளியிட்ட கணிதச் சார்புகளின் மின்நூலகமும் அப்படித்தான். அதில் க்யூ-ஹைப்பர்ஜியோமெட்ரிக் சார்புகளுக்கான அத்தியாயத்தை எழுதியவர் அதே ஆண்ட்ரூஸ். பொறியாளர்கள் சூத்திரம் தேடி வரும் அந்தப் பக்கங்களில் இதழின் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். அப்புறம் பாடநூல்கள், தொகுப்புக் கட்டுரைகள். இவற்றுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

படி 8: ஆட்களைப் பாருங்கள்

ஒரு சிறு துறையில் இதழின் மரியாதை அதன் ஆசிரியர் குழுவோடு ஒட்டிக்கொண்டிருக்கும், பதிப்பாளரோடு அல்ல. 2006ல் டோப்பாலஜி இதழின் ஆசிரியர் குழு மொத்தமாக ராஜினாமா செய்தது. விலை அதிகம் என்பது காரணம். 2008ல் லண்டன் கணிதச் சங்கத்தின் வழியாக ஜர்னல் ஆஃப் டோப்பாலஜி வந்தது. புது இதழுக்கு முதல் இரண்டு ஆண்டு இம்பேக்ட் ஃபேக்டரே இருக்க முடியாது, ஆனால் நல்ல கட்டுரைகள் எங்கே போக வேண்டும் என்று டோப்பாலஜிக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் கடந்த ஐந்து ஆண்டில் அந்த இதழிலும் அதற்கு இணையானவற்றிலும் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

எண்ணே இல்லாத இதழ்களும் உண்டு என்பதை இங்கே சொல்ல வேண்டும். கே. ராமச்சந்திராவும் ஆர். பாலசுப்பிரமணியனும் 1978ல் தொடங்கிய ஹார்டி-ராமானுஜன் ஜர்னல் வருடத்துக்கு ஒன்றாக, ராமானுஜன் பிறந்த டிசம்பர் 22ஐ ஒட்டி வருகிறது. எழுதவும் படிக்கவும் காசு கிடையாது. வருடத்துக்குச் சில கட்டுரைகள் வெளியிடும் இதழை இரண்டு ஆண்டுச் சராசரியால் அளப்பது தராசில் காற்றை வைப்பது போல. இன்னும் பின்னால் போனால், ராமானுஜனின் முதல் கட்டுரை 1911ல் வந்தது இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில். அப்போது அதற்கு வயது இரண்டு.

படி 9: எண் செயற்கையாக ஏறியிருக்கிறதா?

குறைந்த எண்ணைப் பற்றியே பேசிவிட்டோம். கணிதத்தில் சந்தேகப்பட வேண்டியது பெரும்பாலும் அதிக எண்ணைத்தான். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் அர்னால்டும் நூலகர் கிறிஸ்டின் ஃபௌலரும் 2011ல் இதைத் துல்லியமாகக் காட்டினார்கள். பயன்முறைக் கணிதப் பிரிவில் ஒரு இதழ் 2008ல் 8.91 என்ற எண்ணோடு முதலிடத்தில் இருந்தது. உலகம் மதிக்கும் இதழ் ஒன்று 3.69ஓடு இரண்டாம் இடம். முதலிடத்து இதழை மிக அதிகம் மேற்கோள் காட்டியவர் அதன் தலைமை ஆசிரியரே. அந்த இரண்டு ஆண்டு ஜன்னலுக்குள் மட்டும் 243 முறை. ஆஸ்திரேலியாவில் வல்லுநர்கள் போட்ட தரப்பட்டியலில் அதே இதழ் பி பிரிவில்தான் இருந்தது.

2023ல் கிளாரிவேட் தன் அதிக மேற்கோள் பெற்ற ஆய்வாளர்கள் பட்டியலிலிருந்து கணிதப் பிரிவையே எடுத்துவிட்டது. துறையில் மேற்கோள்களின் மொத்த எண்ணிக்கை குறைவு என்பதால் கொஞ்சம் பேர் கைகோத்தாலே பட்டியலை மாற்றிவிட முடியும் என்பது காரணம்.

உங்கள் இதழில் பார்க்க வேண்டியவை: சுய மேற்கோள் விகிதம், ஒரே சிறு குழு திரும்பத் திரும்ப வருகிறதா, மேற்கோள்கள் அந்த இரண்டு ஆண்டுக்குள் மட்டும் குவிந்திருக்கின்றனவா. கடைசியானது மிகத் தெளிவான அடையாளம். பத்தில் ஒன்பது வெளியே விழ வேண்டிய துறையில் பாதிக்கு மேல் உள்ளே விழுந்தால் கட்டுரைகளைத் திறந்து படித்துப் பாருங்கள்.

படி 10: ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

முதல் வரியில் இதழின் பெயர், ஐஎஸ்எஸ்என், தொடங்கிய ஆண்டு, எம்எஸ்சி பிரிவுகள். இரண்டாம் வரியில் இம்பேக்ட் ஃபேக்டர், பக்கத்தில் மூன்று அண்டை இதழ்களின் எண்கள், எந்த ஆண்டுக்கானது என்ற குறிப்பு. மூன்றாம் வரியில் மேற்கோள் அரை ஆயுள், அதோடு 2008 அறிக்கையின் 90 சதவீதக் கணக்கு. பிறகு ஒரு பத்தி: யார் மேற்கோள் காட்டுகிறார்கள், துறைக்கு வெளியே எங்கெங்கே போயிருக்கிறது. பிறகு நீங்கள் பின்தொடர்ந்த கட்டுரையின் கதை ஐந்து வரியில். உங்கள் கட்டுரை அந்த இதழில் வந்திருந்தால் கடைசியில் அதைப் பற்றி: மேத்சைநெட்டிலோ இசட்பிமேத்திலோ மதிப்புரையாளர் என்ன எழுதினார், யார் அதைப் பயன்படுத்தினார்கள்.

என் மாணவி இரண்டு பிரதி எடுத்துப் போனாள். ஒன்றைக் குழுவிடம் கொடுத்துவிட்டு, 5ஐ 48 விதமாக எழுதுவதைப் பலகையில் போட்டுக் காட்டினாளாம். அந்தத் தாள் இன்னும் அவளிடம் இருக்கிறது. ஒவ்வொரு ஜூனிலும் புதிய பட்டியல் வந்ததும் இரண்டாம் வரியை மட்டும் அடித்துத் திருத்துகிறாள்.